கையைக் கட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான் பெருமாளுக்கு,

உன் நினைவு நாள் வருகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, சுற்றிலும் கறுப்புக் கோடு இழுத்து, கீழே ‘கண்ணீருடன் குடும்பத்தினர்’ என்று போட்டுவிடலாம் என்றார்கள். அந்தப் பெட்டிக்குள் உன்னை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. மரக்கட்டை லாரியை மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டே உரக்கப் பாடிய ஆளுக்கு அது பொருந்துமா? தவிர, இந்த வருடம் இங்கே யாரும் கண்ணீருடன் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எல்லாரும் கொஞ்சம் தலை கால் தெரியாமல்தான் நடக்கிறோம்.

ஆகவே கடிதமாகவே எழுதுகிறேன். பத்திரிகை வாசகர்களும் கூட இருந்து படிக்கட்டும். உனக்கும் எதையும் ரகசியமாகப் பேசிப் பழக்கமில்லை. பக்கத்து மேசைக்காரனையும் இழுத்து வைத்துத்தானே கதை சொல்வாய்?

முதலில் நல்ல சேதி. நீ கட்டிக் காத்த இடம் நன்றாக இருக்கிறது. புகைவீட்டுக் கூரையை மாற்றிவிட்டோம். ரப்பர் பாலைத் தகடாக உருட்டும் மிசினுக்கு உன் மகள் புவனா பச்சைச் சாயம் அடித்திருக்கிறாள். நீ சிவப்புதான் வேண்டும் என்றிருப்பாய். அவளும் உன்னைப் போலத்தான், கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்கள் ரப்பர்த் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, சனங்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போன பிறகு, அங்கே மிஞ்சியது பழைய ரப்பர் பால் தொழிற்சாலையும் ரப்பர் தகடு காய வைக்கும் புகைவீடும் தொழிலாளர்கள் இருந்த ஒரு வரிசை லயத்து வீடுகளும்தான். பின்பக்கம் ஒரு துண்டு நிலத்தில் கொஞ்சம் ரப்பர் மரங்கள், வெட்ட மறந்துபோனவை. முதலில் பால் வெட்டி, பிறகு லாரி ஓட்டி ஓய்ந்த என் மச்சான் அதை ஒரு அருங்காட்சியகமாக ஆக்கினான். அருங்காட்சியகம் என்றால் கயிறு கட்டி, ‘தொடாதே’ என்று எழுதி வைக்கிற இடம் இல்லை. அங்கே அவன் போட்ட சட்டம் ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டி கூடாது. தொட்டுப் பார்க்க முடியாத சாமான் செத்த சாமான் என்பான்.

அதனால் வருடம் முழுக்க அங்கே ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். தையில் லயத்து வாசலில் பொங்கல். மரங்கள் இலை உதிர்த்து, ஓய்வெடுத்து, மறுபடி துளிர்த்ததும் பால் வெட்டத் தொடங்கும் நாள், மரம் திறக்கிற நாள் என்போம். விதை வெடிக்கும் பருவத்தில் விதை பொறுக்கி ஆடும் ஆட்டங்கள். மழைக்காலத்தில் தீபாவளிப் பலகாரம். பள்ளி விடுமுறையில் ரப்பர் நூலைச் சுற்றிப் பந்து செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறைப் பயிற்சி. வருகிறவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுக்க, பழைய தோட்டத்துப் பெண்கள். அப்படித்தான் விளம்பரத்தில் போட்டிருந்தோம்.

நடந்தது என்ன? உனக்கே தெரியும். யாரும் எதையும் செய்யவில்லை. நம் பெண்கள் விடவில்லை.

தீபாவளிக்கு முன் முறுக்குப் பயிற்சி நடந்தது. ஈப்போவிலிருந்து வந்த ஒரு பெண் கோணலாக ஒன்று பிழிந்தாள். சொல்லிக் கொடுக்க நின்ற நம் அஞ்சலை எட்டிப் பார்த்தாள். “இத மாடுகூட மோந்து பாக்காது லா” என்று மாவைத் திரும்ப அச்சுக்குள் போட்டு, தானே எல்லாவற்றையும் பிழிந்து, தானே சுட்டு, பையில் கட்டி வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். பால் உருட்டும் மிசினிலும் அதே கதை. விருந்தாளி கைப்பிடியைத் தொட்டவுடனே, “நீங்க உக்காருங்க, தே குடிங்க” என்று யாராவது வாங்கிக்கொள்வார்கள். வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, மற்றவர்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதில் பெரிய குற்றவாளி நீதான். காம்பார் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் ஒருவர் மாணவர்களோடு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பால் வெட்டும் உளியை அவர் கையில் கொடுத்தாய். அவர் மரத்தை நெருங்குவதற்குள், “இருங்க, இருங்க, இப்படி” என்று வாங்கினாய். அதற்குப் பிறகு அந்த வரிசை முடிகிறவரை உளி உன் கையைவிட்டு இறங்கவே இல்லை. மனிதர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை ஏந்திக்கொண்டு உன் பின்னாலேயே நடந்தார். கடைசியில் நிறையக் கற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மரியாதைக்காரர்.

நான் உன்னிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். உன்னோடு லாரியில் உதவிக்கு வந்த ஆட்களுக்கு நீ ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவ்வளவு பெரிய லாரியை நம்பிக் கொடுத்த மனிதன், உள்ளங்கை அளவு இரும்பை ஏன் கொடுக்கவில்லை?

நீ போன பிறகு புவனா பொறுப்பெடுத்தாள். வாரம் முழுக்க ஈப்போவில் வேலை, சனி ஞாயிறு இங்கே. அவளும் அதே பெண்களை வைத்துத்தான் நடத்தினாள், தலைமை உன் பெண்டாட்டி, என் தங்கச்சி சரசு. தைப்பூசம் முடிந்த சமயம் ஒரு நாள், பால் எடை போட்ட பழைய மேசையைச் சுற்றி எங்களை எல்லாம் உட்கார வைத்து, புவனா கைப்பேசியிலிருந்து ஒன்றைப் படித்துக் காட்டினாள். மேய் லிங் என்று ஈப்போவில் வங்கியில் வேலை செய்கிற பெண், முறுக்குப் பயிற்சிக்கு வந்தவள், இணையத்தில் எழுதியிருந்தாள். அன்பான மனிதர்கள், அருமையான சாப்பாடு, ஆனால் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே என் கை சுத்தமாகத் திரும்பி வந்தது என்று.

அஞ்சலை கேட்டாள். “சோறு நல்லா இருந்துச்சுன்னுதானே எழுதியிருக்கு?”

புவனா சிரிக்கவில்லை. “அவங்க சாப்பிட வரல அத்தே. செய்ய வந்தாங்க. ஒரு தடவ வந்தவங்க மறுபடி வரமாட்டேங்கறாங்க, ஏன்னு இப்பத் தெரியுதா? சும்மா பாத்துட்டுப் போறதுக்கு நான் எதுக்கு வாரா வாரம் ஓடி வாரேன்? கண்ணாடிப் பெட்டி வாங்கிப் போட்டு, எல்லாத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிடலாம். மரம் திறக்கிற நாள் வருது. அன்னிக்கும் இப்படித்தான்னா, அதோட பயிற்சி எல்லாத்தையும் நிறுத்திடறேன்.”

மிரட்டலாக இருந்தால் எனக்குக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மிரட்டல் கேட்டிருக்கிறேன். அவள் களைத்துப் போய்ச் சொன்னாள் மச்சான். அதுதான் பயமாக இருந்தது. சரசு “வெச்சுப் பூட்டிக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவ எழுந்து போனாள்.

உன் இடத்துக்குள் கண்ணாடிப் பெட்டி வந்தால் உன்னிடம் என்னவென்று சொல்வது?

ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தானே. பெண்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பது என்று முடிவு செய்தேன். பாடம் இதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது.

உதாரணம் சொன்னேன். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை சட்டைப் பொத்தான் போடத் திணறும். பார்த்துக்கொண்டு நிற்கிற ஆசிரியருக்கு விரல் துடிக்கும். நாம் போட்டுவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும், ஆனால் அந்தப் பிள்ளை மறுநாளும் நம் முன்னால் வந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை பொத்தானை மாற்றி மாட்டட்டும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கட்டும், அன்று முழுக்க அப்படியே திரியட்டும். நாளைக்கு அதுவே கண்டுபிடிக்கும் என்றேன். பெண்கள் தலையை ஆட்டினார்கள். மிக நல்ல மாணவிகளைப் போல ஆட்டினார்கள்.

பிறகு செய்முறை. ரப்பர் மரத்துக்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டு, உளிக்குப் பதிலாகக் காய் வெட்டும் கத்தி. நான்தான் விருந்தாளி. அஞ்சலை கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான், கத்தி அவள் கையில். “வாத்தியாரே, இது என்ன, கோழி கீறின மாதிரி?” என்றாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவள் கத்தியைப் பிடுங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினாள், அது பிடுங்குவதாகாது என்று வாதாடினாள்.

சரசு அந்த வகுப்புக்கு வரவில்லை. மரங்களுக்கடியில் உதிர்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மரங்கள் அப்போது மொட்டையாக நின்றன. வெயில் நேராகத் தரையில் விழுந்தது. நான் அவளிடம் போய், பாடம் எப்படித் தோற்றது என்று சொன்னேன். நம் சனங்களுக்கு உபசாரப் புத்தி அதிகம், வந்தவர்களை வேலை வாங்க மனம் வரமாட்டேன் என்கிறது என்று என் கண்டுபிடிப்பையும் சொன்னேன்.

அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை. “உபசாரம் இல்லண்ணே” என்றாள்.

கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“புவனா சின்னப் புள்ளயில உங்க மச்சானோட உளிய எடுத்து வாசல் மரத்தைச் சுரண்டினா. நீங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க. அவரு அடிக்கல, திட்டல. தூக்கிட்டுப் போயி பைப்புல கைய வெச்சு சவுக்காரம் போட்டுக் கழுவினாரு. அழுக்கே இல்ல. கழுவிக்கிட்டே இருந்தாரு. இந்த வீட்டுப் புள்ள உளியத் தொடக்கூடாதுன்னு அன்னிக்கு ரெண்டு பேரும்தானே சொன்னீங்க?”

சொன்னோம் மச்சான். நான்தான் முதலில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“இப்ப யாரு கையில உளியப் பாத்தாலும் எனக்கு அதான் தோணுது. யார் வீட்டுப் புள்ளயா இருந்தா என்ன? வாங்கி வெச்சிரணும்னு இருக்கு. அந்தச் சீனப் பொண்ணு எழுதியிருக்கில்ல, கை சுத்தமா வீட்டுக்கு வந்துச்சுன்னு. எனக்குப் படிக்கறப்போ சந்தோசமா இருந்துச்சுண்ணே. அது நல்ல சேதிதானே?”

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்க வழி இல்லாதபோது, சரசு பால் வெட்டப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். அவள் உளி பிடித்ததால்தான் நான் சுண்ணக்கட்டி பிடித்தேன். அவளிடம் போய் நான் எதை எடுத்துச் சொல்வது? விளக்குமாறை வாங்கி நானும் கொஞ்சம் கூட்டினேன். சரியாகக் கூட்டவில்லை என்று அதையும் வாங்கிக்கொண்டாள்.

மரங்கள் துளிர்த்தன. செம்பு நிறத்தில் இளம் இலை வந்து, பச்சைக்கு மாறி, நிழல் திரும்பியது. போன ஞாயிறு மரம் திறந்தோம்.

காலையில் நல்ல கூட்டம். ஈப்போவிலிருந்து குடும்பங்கள், காம்பாரிலிருந்து மாணவர்கள், பீடோரிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு கூட்டம். மேய் லிங்கும் வந்திருந்தாள், கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு. புவனாதான் அழைத்திருக்கிறாள். இன்னொரு தடவை வாருங்கள், இந்த முறையும் கை அழுக்காகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள் என்று. உன் மகளுக்கு உன் வீம்பு அப்படியே இருக்கிறது.

முதல் மரத்துக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தோம். புவனா உளிகளை எடுத்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். நான் பெண்களைப் பார்த்தேன். எல்லா விரல்களும் துடித்துக்கொண்டிருந்தன. அப்போது அஞ்சலை தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.

“வாத்தியாரே, என் கையப் பின்னால கட்டுங்க. இல்லாட்டிப் புடுங்கிருவேன். என்னைய எனக்குத் தெரியும்.”

கட்டினேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து என் முன்னால் திரும்பி நின்றார்கள். வந்தவர்கள் இதைப் பழைய தோட்டத்துச் சடங்கு என்று நினைத்துப் பக்தியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. சரசு மட்டும் கட்டிக்கொள்ள வரவில்லை. தேநீர்க் கேத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

கை கட்டுண்டதும் ஒரு அதிசயம் நடந்தது மச்சான். அஞ்சலைக்கு வாய் திறந்தது. இத்தனை நாளும் அவள் எதையும் சொல்லித் தந்ததே இல்லை, செய்துதான் காட்டியிருக்கிறாள். இப்போது வேறு வழியில்லை. மாணவன் ஒருவன் பட்டையில் உளியை வைத்து ஊன்றினான். அவள் முகம் கோணியது, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது. பிறகு சொன்னாள். “தம்பி, அமுக்காத. மாம்பழத் தோல் சீவற மாதிரி சீவு. தோல் வரணும், சதை வரக்கூடாது. காலை நகத்து, கைய நகத்தாத.” நான் பள்ளியில் ஒரு நாளும் இவ்வளவு தெளிவாகப் பாடம் சொன்னதில்லை.

அவன் சீவினான். வளைந்து ஒரு சுருள் விழுந்தது. வெட்டின கோட்டில் வெள்ளைப் பொட்டுகள் அரும்பி, சேர்ந்து, இறங்கி, மரத்தில் செருகிய தகரத்தின் வழியாக மங்குக்குள் சொட்டின. அந்தப் பையன் நட்சத்திரத்தைப் பிடித்தவன் போல எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த மரத்தில் மேய் லிங். அவள் ஆழமாகப் போய்விட்டாள். பட்டை பிளந்து கட்டை தெரிந்தது, மரத்தில் காயம். அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். பெண்கள் எல்லாருமே மூச்சைப் பிடித்தார்கள். கட்டு மட்டும் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ. மேய் லிங் பயந்துபோய், தப்பா என்று கேட்டாள்.

அஞ்சலை கண்ணைத் திறந்தாள். “நம்ம காலத்துல இதப் பாத்தா வேலைய மேற்பாக்கற மண்டோர் வந்து காயத்தச் சுத்திச் சுண்ணாம்புல வட்டம் போடுவான். மறுநாள் விடியக்கால பேரு கூப்புடற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்போ பேரச் சொல்லிக் கூப்புட்டு மானத்த வாங்குவான்.” புவனா அதை மலாயில் சொன்னாள்.

மேய் லிங் கேட்டுவிட்டு, அப்படியானால் என் காயத்துக்கும் வட்டம் போடுங்கள் என்றாள். கீழே என் பெயரையும் எழுதுங்கள், நான் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

லயத்து வீடொன்றில் பழைய தோட்டப் பள்ளி போலவே நாம் அமைத்திருக்கும் வகுப்பறையிலிருந்து நான் சுண்ணக்கட்டி எடுத்து வந்தேன். அஞ்சலையின் கட்டை அவிழ்த்து, அதை அவள் கையில் கொடுத்தேன். எத்தனையோ முறை அந்த வட்டத்துக்குத் தலை குனிந்தவள் தானே வட்டம் போட்டாள். அதற்குப் பிறகு காயப்படுத்தியவர்கள் எல்லாரும் வட்டம் கேட்டு நின்றார்கள். சரியாக வெட்டிய பையனுக்கு வருத்தம், எனக்கு வட்டம் இல்லையா என்று.

அஞ்சலை சிரிக்க ஆரம்பித்தாள். சுண்ணக்கட்டியோடு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏய் சரசு, பாத்தியா? அப்ப மரத்த வெட்டறதுக்கு நமக்குக் காசு குடுத்தாங்க. இப்ப இவங்க நமக்குக் காசு குடுத்துட்டு மரத்த வெட்டறாங்க. காயத்துக்கு வட்டம் வேற கேக்கறாங்க. துரை இருந்து இதக் கேட்டிருந்தா அங்கயே படுத்திருப்பான் லா.”

சரசு சிரித்தாள். நீ போனதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் மேய் லிங் புவனாவிடம் திரும்பி, நீங்கள் வெட்டுங்கள், சரியான வெட்டு எப்படி இருக்கும் என்று நான் பார்க்கிறேன் என்றாள். இந்த இடத்தையே நடத்துகிறவள் அல்லவா? புவனா உளியைத் தொடவில்லை. எனக்குத் தெரியாது, நான் பிடித்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். மாணவர்கள் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்கள்.

சரசு கேத்தலைக் கீழே வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பக்கம் நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். திரும்பி வந்தபோது அவள் கையில் உன் உளி. உன் பழைய கைலித் துணியைச் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்திருந்தாள். துணியை உருவி எறிந்துவிட்டு மகளிடம் நீட்டினாள்.

“புடி.”

“அப்பா வேணான்னு சொன்னாரும்மா.”

“உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ புடி.”

புவனா வாங்கினாள். சரசு ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் போய், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். என் வகுப்புக்கே வராத மாணவி.

முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை, தூசிதான் உதிர்ந்தது. இரண்டாவது இழுப்பு ஆழமாகப் போய்க் கட்டையில் இடித்தது. பால் கோட்டைத் தாண்டி மரமெல்லாம் வழிந்தது. சரசுவின் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது, கை வரவில்லை. புவனா காலை மாற்றி வைத்து மூன்றாவது முறை சீவினாள். மெல்லிசான சுருள், முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் வந்தது. பால் ஒழுங்காகக் கோட்டில் இறங்கி மங்குக்குள் விழுந்தது. கைதட்டல் செம்பனைக் காடுவரை கேட்டிருக்கும். நானும் தட்டினேன், கண்ணாடி கீழே விழுந்தது, அதற்கும் தட்டினார்கள்.

சரசு அஞ்சலையிடமிருந்து சுண்ணக்கட்டியை வாங்கி, மகள் போட்ட காயத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். அது வட்டமா முட்டையா என்று அஞ்சலை கேட்டாள்.

புவனாவின் விரலெல்லாம் பால். கழுவக் குழாய்ப் பக்கம் போனாள். சரசு அவளைத் தடுத்தாள். “கழுவாத. காயட்டும். காஞ்சப்புறம் உரிச்சுப் பாரு, சுகமா இருக்கும்.” இரண்டு பேரும் தொழிற்சாலைப் படியில் உட்கார்ந்து, விரலில் காய்ந்த பாலைத் தோல் போல உரித்து உரித்து எறிந்தார்கள். மேய் லிங்கும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை.

கண்ணாடிப் பெட்டிப் பேச்சு அதோடு முடிந்தது மச்சான். இனி மாதத்துக்கு ஒரு ஞாயிறு பால் வெட்டுப் பயிற்சி. விதைப் பருவத்துக்கு இப்போதே ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். காம்பார் மாணவர்கள் மழைக்காலத்தில் புகைவீட்டைத் தாங்களே மூட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தீபாவளி முறுக்குக்கும் கையைக் கட்டிக்கொள்வதாக அஞ்சலை வாக்குக் கொடுத்திருக்கிறாள். முறுக்கு விஷயத்தில் அவளை நான் அவ்வளவாக நம்பவில்லை.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு சரசு என்னிடம் வந்தாள். “அவருகிட்ட பேசிக்கிறேன்னு சொல்லிட்டேன். என்ன பேசறதுன்னு தெரியலண்ணே. நீங்க எழுதிடுங்க.” இந்தக் கடிதம் அதனால்தான். உன் பெண்டாட்டியின் வக்கீலாக எழுதுகிறேன்.

என் கட்சிக்காரி சார்பில் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. இந்த வீட்டுப் பிள்ளை வயிற்றுக்காக உளி பிடிக்கக் கூடாது என்று நாம் நினைத்தோம். அவள் பிடிக்கவில்லை. வயிற்றுக்கு அவளுக்கு வேறு வேலை இருக்கிறது, நீயும் சரசுவும் உழைத்துப் படிக்க வைத்ததால் கிடைத்தது. இது அவள் ஆசைப்பட்டுப் பிடித்தது. வேண்டாம் என்றால் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிக் கீழே வைக்க முடிந்தவர்கள் நம் குடும்பத்தில் இதற்கு முன் யார் இருந்தார்கள்? நீ ஜெயித்துவிட்டாய் மச்சான். அது உனக்கே தெரியாமல் இருந்தது. எங்களுக்கும் போன ஞாயிறுதான் தெரிந்தது.

கோபம் இல்லையே?

ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லாருக்கும் கையைக் கட்டிவிட்டு நின்றபோதுதான் உறைத்தது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும், இன்றுவரை நானும் உளி பிடித்ததில்லை. என் பங்குக்கும் சேர்த்துத் தங்கச்சி பிடித்தாள். அடுத்த மாதம் நான் வரிசையில் நிற்கப் போகிறேன். புவனா என்னை மாமா என்று பார்க்காமல் மற்றவர்களைப் போலவே முறை வரும்வரை காக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நான் கட்டாயம் மரத்தைக் காயப்படுத்துவேன். ஊர் முழுக்க என் மாணவர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் பார்க்க வருவார்கள். வரட்டும். சரசு பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், நான் வெட்டுவேன். இது சத்தியம்.

என்றும் உன்,
சரசுவின் அண்ணன்,
இன்னும் உளி பிடிக்காத உன் வாத்தியார் மச்சான்